விருந்தும் வீட்டாரும்

மார்கழி பிறந்துவிட்டால் திருச்சிராப்பள்ளியில் காவிரியின் இரு கரைகளிலும் வீடுகள் விருந்தினரை எதிர்நோக்கத் தொடங்கிவிடுகின்றன. தென்கரையில் பாலக்கரை, மேலப்புதூர்ப் பகுதிகளிலுள்ள நம் இல்லங்களில் சுவர்கள் வெள்ளையடிக்கப்படுகின்றன. பரணிலிருந்து இறங்கிய பாய்களும் தலையணைகளும் மொட்டைமாடி வெயிலில் காய்கின்றன. அச்சு முறுக்கும் அதிரசமும் டின்களில் நிறைகின்றன. மலைக்கோட்டை விரைவு வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து, சென்னையிலிருந்து விடியலில் வந்திறங்கும் மகனும் மருமகளும் பேரக்குழந்தைகளும் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா முடிந்து, புத்தாண்டுத் திருப்பலியும் கண்ட பிறகே ஊர் திரும்புவார்கள். ஆற்றைக் கடந்து திருவரங்கத் தீவுக்குள் நுழைந்தால் அங்கும் இதே பரபரப்புதான். வைகுண்ட ஏகாதசிக்கு வரும் உற்றார் உறவினருக்காகச் சித்திரை வீதிகளிலும் உத்திர வீதிகளிலும் வீடுகள் ஆயத்தமாகின்றன.

இரு கரைகளிலும் எழும் கேள்வி ஒன்றே: வருபவர்களை எங்கே படுக்க வைப்பது? இது இல்லத்தரசியின் அன்றாடக் கவலை போலத் தோன்றலாம். ஆழ்ந்து நோக்கினால் இஃது ஓர் அறநெறிக் கேள்வி என்பது புலப்படும். சிறிய வீட்டில் ஒருவருக்கு இடம் கொடுப்பதென்றால், இன்னொருவர் தம் இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டும். அந்த இன்னொருவர் யார்? அவரிடம் யாரேனும் கேட்டார்களா?

இக்கேள்வி என் உள்ளத்தில் தைத்த நாளை நான் மறக்க இயலாது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் திருவிழாத் திருப்பலி நிறைவேற்றச் சென்றிருந்தேன். இரவு ஒரு குடும்பத்தில் தங்கினேன். இரண்டே அறைகள் கொண்ட அந்த வீட்டில் எனக்கென ஓர் அறையை ஒழித்து, கட்டிலில் புது விரிப்பு விரித்து, சொம்பில் தண்ணீரும் வைத்திருந்தார்கள். உள்ளம் குளிர உறங்கினேன். நள்ளிரவுக்குப் பின் விழிப்பு வந்து, புழக்கடைப் பக்கம் சென்றபோது, அடுக்களை மூலையில், ஆட்டுக்கல்லின் அருகே, கோணிப்பையை விரித்து ஒருவர் சுருண்டு படுத்திருப்பதைக் கண்டேன். அவ்வீட்டின் மூதாட்டி அவர். நான் படுத்திருந்தது அவருடைய கட்டில்.

விடிந்ததும் அவரே காப்பித் தம்ளரை ஏந்தி வந்து, “சாமி, தூக்கம் நல்லா வந்துச்சுங்களா?” என்று கேட்டார். “நல்லா வந்துச்சு பாட்டி” என்றேன். அவருடைய முகத்தில் ஒரு மலர்ச்சி. அதன்பின் பீடத்தேறி, பிறரன்பைப் பற்றி நீண்டதொரு மறையுரையும் ஆற்றினேன். நான் கண்டதைக் குறித்து அந்த வீட்டாரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனம் இன்றளவும் என்னை உறுத்துகிறது.

“விருந்தினருக்கு வீட்டில் உள்ளதில் சிறந்ததைக் கொடுப்பதுதானே தமிழ்ப் பண்பாடு? அந்தப் பாட்டி மனமுவந்தே கொடுத்திருக்கக்கூடுமே!” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் மனமுவந்தே கொடுத்திருந்தால், அத்தியாகத்தைப் பறிக்கும் உரிமை எனக்கு இல்லை. ஆயினும் தியாகம் என்பது அவரவர் தாமே செய்வது. ஒருவருடைய கட்டிலை எடுத்து மற்றொருவருக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு விருந்தோம்பல் என்று நாம் பெயரிட முடியாது. கேட்கப்பட்டவர் மறுக்கவும் உரிமையுள்ளவராக இருக்கும்போதுதான் அவருடைய இசைவு கொடையாகிறது. நம் வீடுகளில் முதியோரிடம் எத்தனை பேர் கேட்கிறோம்? “அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார்கள்” என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். இருமுகின்றவர், மறதியுள்ளவர், இரவில் பலமுறை எழுந்திருப்பவர் ஆகியோரைக் கிழிந்த பாயோடு சேர்த்து விருந்தினர் கண்ணில் படாத இடத்துக்கு ஒதுக்கிவிடுகிறோம்.

இதற்கு மாறானதொரு காட்சியைத் திருவரங்கத்தில் கண்டேன். என்னோடு பள்ளியில் பயின்ற வைணவ நண்பர் ஒருவர் உத்திர வீதியில் வாழ்கிறார். ஏழு திருச்சுற்றுகள் கொண்ட அப்பெருங்கோயிலின் புறச்சுற்றுகளில் மக்கள் குடியிருப்பதைத் திருச்சியார் அனைவரும் அறிவர். வைகுண்ட ஏகாதசியன்று விடியுமுன் திறக்கப்படும் பரமபத வாசலைக் காண வருவோர், முந்திய இரவே அங்கு வந்து சேர்ந்துவிடுகின்றனர். நண்பரின் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் பாய்கள் வரிசையாக விரிக்கப்பட்டிருந்தன. கூடத்தின் நடுவே ஒரு கட்டில். அதில் நண்பரின் வயது முதிர்ந்த தாயார். வருகிறவர்கள் யாவரும் முதலில் அவரை வணங்கி, அவர் காலடியில் அமர்ந்து ஊர்ச்செய்தி பேசிய பின்னரே பைகளை ஒரு மூலையில் வைத்தார்கள். கட்டில் ஓர் அங்குலமும் நகரவில்லை. அதைச் சுற்றியே விருந்தினர் இடம் பிடித்துக்கொண்டார்கள்.

“இத்தனை பேருக்கு எப்படி ஏற்பாடு செய்கிறாய்?” என்று கேட்டேன். வருபவர்கள் தம் வீட்டைப் பார்க்க வரவில்லை என்றும், அவர்களுக்குப் படுக்க ஒரு பாயும், இரண்டு மணிக்கு எழுந்து குளிக்க ஒரு வாளி வெந்நீரும் போதும் என்றும் அவர் சொன்னார். ஏகாதசி உபவாசம் முடிந்து துவாதசியன்று காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்துப் பரிமாறும்போது, வந்தவர்களும் இலை போட்டு, தண்ணீர் ஊற்றி, பாத்திரம் துலக்க முன்வருவார்களாம்.

2020ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பும் வைகுண்ட ஏகாதசியும் டிசம்பர் 25 அன்று ஒரே நாளில் வந்தன. கொரோனாக் கட்டுப்பாடுகளால் இரு கரைகளிலும் பல வீடுகளுக்கு விருந்தினர் வரவில்லை. அன்று நண்பர் தொலைபேசியில் பேசினார். பாய்கள் பரணிலேயே இருப்பதாகவும், தம் தாயார் வாசலைப் பார்த்தவாறே யாரும் வரவில்லையா என்று பலமுறை கேட்டுக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். விருந்தினர் வருகை முதியோருக்கு எத்துணை பெரிய வாழ்வு என்பதை அன்று உணர்ந்தேன். அவர்களைப் பின்கட்டுக்கு அனுப்பும்போது, கட்டிலை மட்டுமா எடுத்துக்கொள்கிறோம்? ஓராண்டாக அவர்கள் காத்திருந்த விருந்தினரையும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

விவிலியத்தில் விருந்தினர் அறையைப் பற்றிய அழகியதொரு நிகழ்ச்சி அரசர்கள் இரண்டாம் நூலின் நான்காம் அதிகாரத்தில் உள்ளது. தம் ஊர் வழியே அடிக்கடி கடந்து செல்லும் இறைவாக்கினர் எலிசாவுக்காக, சூனேம் ஊர்ப் பெண்மணி தம் கணவரோடு கலந்து பேசி, மாடியில் ஒரு சிற்றறை அமைக்கிறார். அதில் ஒரு படுக்கை, ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு ஆகிய நான்கு பொருள்களே இடம்பெறுகின்றன. அவர் எவரையும் அகற்றி அந்த இடத்தை உண்டாக்கவில்லை. தம் செலவில் புதிதாக உண்டாக்கினார். கைம்மாறாக என்ன வேண்டும் என்று எலிசா கேட்டபோதும் அவர் எதையும் விரும்பவில்லை.

பெத்லகேம் நிகழ்ச்சியும் இங்கு நினைக்கத்தக்கது. விடுதியில் இடமில்லை என்று நாம் கேட்டுப் பழகிய லூக்கா நற்செய்திப் பகுதியில் உள்ள கிரேக்கச் சொல் ‘கத்தாலுமா’ என்பது. இயேசு தம் சீடரோடு பாஸ்கா விருந்துண்ணக் கேட்ட அறையைக் குறிக்கவும் லூக்கா இதே சொல்லை ஆள்கிறார். நல்ல சமாரியர் உவமையில் வரும் சாவடிக்கோ அவர் வேறொரு சொல்லைப் பயன்படுத்துகிறார். எனவே பெத்லகேமில் நிறைந்திருந்தது ஒரு வீட்டின் விருந்தினர் அறையே என்று விவிலிய அறிஞர் பலர் கருதுவர். அக்காலப் பாலஸ்தீன எளிய வீடுகளில் குடும்பத்தார் வாழும் பகுதியை ஒட்டியே கால்நடைகளுக்கும் இடம் இருந்தது. தீவனத்தொட்டியும் அங்கேயே இருந்தது. இக்கருத்தை ஏற்றால், ஏதோ ஒரு குடும்பம் தன் நெருக்கடிக்குள்ளேயே மரியாவுக்கும் யோசேப்புக்கும் இடம் தந்தது எனலாம். அறை இல்லாதபோது தாங்கள் வாழும் இடத்தையே பகிர்ந்துகொண்ட அந்த வீட்டாரின் பெயர் நற்செய்தியில் இல்லை. நாம் ஆண்டுதோறும் குடில் அமைக்கும்போது அவர்களையும் நினைவுகூரலாம்.

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்கின் 53ஆம் அதிகாரம், வரும் விருந்தினர் அனைவரையும் கிறிஸ்துவாகவே ஏற்கப் பணிக்கிறது. ஏழைகளையும் திருப்பயணிகளையும் சிறப்பாகக் கவனிக்க வேண்டும் என்கிறது; செல்வருக்கு மரியாதை தானே கிடைத்துவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். விருந்தினரில் கிறிஸ்துவைக் காணும் கண்கள், அடுக்களையில் சுருண்டு கிடக்கும் தாயிடம் அவரைக் காணத் தவறலாமா? அதிகாலை முதல் நள்ளிரவு வரை அடுப்படியில் நிற்கும் மருமகளிடமும், பண்டிகைக் காலத்தில் இருமடங்கு பாத்திரம் துலக்கும் பணிப்பெண்ணிடமும் அவரைக் காணத் தவறலாமா? திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரம் அன்புடைமைக்குப் பின்னும் இனியவை கூறலுக்கு முன்னும் வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டாரிடம் அன்பின்றி, வந்தவரிடம் மட்டும் இன்சொல் பேசுவது எவ்வாறு விருந்தோம்பலாகும்?

எனவே, இந்த ஆண்டு விருந்தினருக்காக வீட்டை ஒழுங்கு செய்யுமுன், வீட்டார் அனைவரும் ஒருநாள் மாலைச் செபத்துக்குப் பின் சேர்ந்து அமருங்கள். யார் எங்கே படுப்பது, யார் எந்த வேலையைச் செய்வது என்று பேசுங்கள். முதியவரிடம் முதலில் கேளுங்கள். யாரேனும் தரையில் படுக்கத்தான் வேண்டுமென்றால், உடல் வலுவுள்ள மகன் படுக்கட்டும். விருந்தினராகச் செல்வோருக்கும் கடமை உண்டு. நமக்கு விரிக்கப்பட்ட படுக்கை யாருடையது என்று கேட்பதில் நாகரிகக் குறைவு ஒன்றுமில்லை.

இப்போதெல்லாம் எந்த வீட்டில் தங்க நேர்ந்தாலும், பையை இறக்குமுன், “பாட்டி எங்கே படுப்பார்கள்?” என்று கேட்டுவிடுகிறேன். சில வீடுகளில் சற்றுத் தடுமாறுகிறார்கள். நான் பாயை வாங்கிக் கூடத்தில் விரித்துக்கொள்கிறேன். தரை குளிர்ந்திருக்கிறது, முதுகும் வலிக்கிறது. ஆனால் காலையில் எவரேனும் தூக்கம் நன்றாக வந்ததா என்று கேட்டால், உண்மையைச் சொல்ல முடிகிறது.