வாடகை மண்ணில் செம்முள்ளி

11 மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர், பல வருஷம் நிற்கிற செடியைத் தரையில் நடலாமா? தொழிற்சாலைகள் நிறைந்த பிள்ளைப்பாக்கம், ஒரகடம் பக்கம் இது செடியைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை. கம்பெனி மாறினால் இங்கே வீடு மாறும், கான்ட்ராக்ட் முடிந்தால் ஊரே மாறும். அதனால்தான் எங்கள் லைன் வீட்டு வாசல்களில் எல்லாச் செடியும் பெயின்ட் டப்பாவில் இருக்கிறது. காலி பண்ணும்போது வண்டியில் ஏற்றிவிடலாம்.

நான் செம்முள்ளியைத் தரையில் வைத்திருக்கிறேன். கனகாம்பரம், டிசம்பர் பூ இவற்றின் குடும்பம்தான். இலை கிளம்புகிற கணு ஒவ்வொன்றிலும் ஊசி ஊசியாக முள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முள்ளுக்கு நடுவிலிருந்தே மஞ்சள் பூ வரும்: மேலே நான்கு இதழ், கீழே தனியாக ஒன்று, வெளியே எட்டிப் பார்க்கும் இரண்டு மகரந்தத் தண்டு. காய் முற்றிக் காய்ந்தால் வெடித்து, விதை தள்ளிப்போய் விழும். பல்வலிக்கு இதன் இலையை மெல்லுகிற பழக்கம் நம் ஊர்களில் உண்டு.

"முள்ளுச் செடிய யாராவது வாசல்ல வைப்பாங்களாக்கா? அதுவும் வாடகை வீட்ல?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். தென்காசிப் பக்கம். நைட் ஷிப்ட் முடிந்து வந்த அசதியிலும் நின்று கேட்டாள்.

முள்ளுக்குப் பதில் சுலபம். ஆடு வாய் வைக்க யோசிக்கும். அவளுடைய இரண்டாவது கேள்விதான் என்னை விடவில்லை.

2024 ஆகஸ்டில் பக்கத்து வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியைத் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தக் கட்டில்களில் இன்று படுப்பவர்களில் பலர் சில வருஷத்தில் கல்யாணம், வேறு வேலை என்று போய்விடுவார்கள். வேறு பெண்கள் வருவார்கள். போகிறவர்கள் யாரும் எதையும் ஊன்றாமலே போனால், வருகிறவர்களுக்குக் காம்பவுண்டுச் சுவரும் லாரிப் புழுதியும்தான் மிஞ்சும். பிள்ளைப்பாக்கம் ஏரிக்குக் கரை போட்டவர்கள் யாரென்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. அது நிரம்பி வழிகிற தண்ணீர் செம்பரம்பாக்கம் போகிறது, சென்னை குடிக்கிறது.

தரையில் நட்டுவிட்டால் பிறகு எடுத்துப்போக முடியாத செடிகளும் உண்டுதான். ஐரோப்பியத் தோட்டங்களில் நீல உருண்டையாகப் பூக்கும் எக்கினாப்ஸ் என்ற முட்செடி உண்டு. வேரை ஆழமாக இறக்கிவிடும். பெயர்த்து நட்டால் அதற்குப் பிடிக்காது. செம்முள்ளி அப்படியில்லை. முற்றின கிளையை ஒடித்து ஈர மண்ணில் ஊன்றினால் பிழைத்துக்கொள்ளும். ஆகவே நான் போகும்போது ஒரு குச்சி என்னோடு வரும், செடி இங்கேயே நிற்கும். நான் எடுத்துப்போக முடியாது என்பதற்காக அதை நடாமல் இருக்க எனக்கு மனசில்லை.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் விளக்கவில்லை. பனிக்காலப் பூ ஓய்ந்ததும் பாதிக்கு வெட்டிவிட வேண்டும், கையில் துணி சுற்றிக்கொள், தண்ணீர் தேங்க விடாதே என்று மட்டும் சொன்னேன். எங்கள் இரண்டு பேரில் யார் முதலில் காலி செய்வோம் என்று தெரியாதே.