இறுகிய தகடு கேட்குமா?

சீடன்: ஐயா, பறையைத் தீயில் காய்ச்சி இறுக்கினால்தான் கணீரென்று பேசுகிறது. தோல் தளர்ந்தால் ஓசையே செத்துவிடுகிறது. அப்படியிருக்க, வளைவை மின்னாக்கும் பீசோ மைக்கின் அதிர்தகட்டில் இறுக்கமே கூடாது என்கிறீர்களே?

குரு: பறை பேசுகிற கருவி, மைக் கேட்கிற கருவி. பறைக்குக் குச்சியின் அடி விழுகிறது. மைக்குக்கு வருவது என்ன? ஒரு மீட்டர் தள்ளி நின்று ஒருவர் சாதாரணமாகப் பேசினால் காற்றழுத்தம் ஏறி இறங்குவது ஏறத்தாழ 0.02 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் அது ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு. அந்தத் தொடுகைக்கு அசைய வேண்டிய தகடு, முன்பே விறைத்து நின்றால் எப்படி அசையும்?

சீடன்: அதை விறைக்க வைத்தது யார்? வெளியிலிருந்து எந்த விசையும் இல்லையே.

குரு: பிறக்கும்போதே ஏறியது. அந்தத் தகடு அலுமினியம் நைட்ரைடு படலம். தடிமன் ஒரு மைக்ரோமீட்டர் அளவுதான். வெற்றிட அறையில் அலுமினியத்தின்மேல் அயனிகளை மோதவிடுகிறார்கள். தெறிக்கும் அணுக்கள் நைட்ரஜனோடு சேர்ந்து சிலிக்கான் வேஃபரில் படிகின்றன. மோதலின் வேகம் அதிகமானால் அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு அமர்கின்றன. குறைந்தால் இடைவெளி விட்டு அமர்ந்து ஒன்றையொன்று இழுக்கின்றன. ஆறும்போது படலம் ஓரளவும் சிலிக்கான் வேறோரளவும் சுருங்குகின்றன. கடைசியில் கீழே இருக்கும் சிலிக்கானை அரித்து எடுத்துவிடுவார்கள். நான்கு பக்கமும் விளிம்பில் பிடிபட்ட படலம், இப்படி உள்ளே தங்கிய நெருக்கத்தை அல்லது இழுப்பை, அதாவது தகைவு முழுவதையும் தானே சுமந்துகொண்டு தொங்கும்.

சீடன்: அதனால் இழப்பு எவ்வளவு?

குரு: நீயே கணக்குப் போடு. ஆரம் அரை மில்லிமீட்டர், தடிமன் ஒரு மைக்ரோமீட்டர், விளிம்பு முழுவதும் பிடிபட்ட வட்டத் தகடு. தகைவே இல்லாவிட்டால், 1 பாஸ்கல் அழுத்தத்துக்கு அதன் நடுப்புள்ளி எவ்வளவு இறங்கும்?

சீடன்: சுமார் 35 நானோமீட்டர்.

குரு: இப்போது 100 மெகாபாஸ்கல் இழுவிசைத் தகைவைச் சேர். படலம் படிய வைப்பவர்களுக்கு இது அன்றாடம் பார்க்கிற எண்.

சீடன்: 0.6 நானோமீட்டர்தான் வருகிறது! ஐம்பது மடங்குக்கு மேல் போய்விட்டது.

குரு: பேச்சுக்கு உரிய 0.02 பாஸ்கலை வைத்துப் பார். அசைவு ஓர் அணுவின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

சீடன்: ஆனால் ஐயா, ஒரு முரண் தெரிகிறது. 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டதே, படிகத்தில் தகைவு ஏறினால் மின்னூட்டம் பிறக்கும் என்பதுதானே? தகைவால் பிழைக்கிற கருவியில் தகைவை ஒழிப்பது, அடுப்பை அணைத்துவிட்டுச் சமைக்கச் சொல்வது போல் இல்லையா?

குரு: நல்ல கேள்வி, இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். படிகத்தில் மாறாமல் நிற்கும் தகைவு மின்னழுத்தமாக நிலைப்பதில்லை. அது எழுப்பிய மின்னூட்டம் கசிந்து சமனாகிவிடும். மைக் கணக்கில் கொள்வது மாற்றத்தை மட்டுமே. ஆக, பழைய தகைவு தன் பங்குக்கு ஒரு மைக்ரோவோல்ட்கூடத் தராது. ஒலி கொண்டுவரும் புதிய தகைவையும் ஏறவிடாது. நாம் ஒழிப்பது அந்தப் பழையதை மட்டும்தான்.

சீடன்: அப்படியென்றால் வாயு அழுத்தத்தையும் அயனிகளின் வேகத்தையும் சரிசெய்து, நெருக்கமும் இல்லாமல் இழுப்பும் இல்லாமல் பூஜ்ஜியத்தில் நிறுத்திவிடலாமே?

குரு: ஆசை நியாயமானது. வேஃபரின் நடுவில் பூஜ்ஜியம் வந்தால் ஓரத்தில் பத்து இருபது மெகாபாஸ்கல் விலகி நிற்கும். இழுப்பின் பக்கம் விலகினால் தகடு செவிடாகும். நெருக்கத்தின் பக்கம் விலகினால் இன்னும் மோசம்; நாம் எடுத்த தகடு 2 மெகாபாஸ்கலைக்கூடத் தாங்காமல் புடைத்துவிடும். இவ்வளவு குறுகிய வரப்பில் ஒவ்வொரு வேஃபரையும் நடக்கவைக்க யாராலும் முடியாது.

சீடன்: வேறு என்னதான் வழி?

குரு: வெட்டிவிடு.

சீடன்: தகட்டையா?

குரு: ஆம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கார்ல் கிராஷ் வழிகாட்ட ராபர்ட் லிட்ரல் 2010இல் முடித்த முனைவர் ஆய்வு இந்தத் திசையில் சென்றது. பிறகு வெஸ்பர் நிறுவனத்தின் மைக்குகளில் வந்த வடிவத்தைப் பார். ஒரு சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டினால் நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் அடிப்பக்கம் மட்டும் சட்டத்தில் பிடிபட்டிருக்கும். நான்கு கூர்முனைகளும் நடுவில் வந்து கூடும். வெட்டிய கணமே படலம் வேண்டிய அளவு நீண்டோ சுருங்கியோ தன் சுமையை இறக்கிவிடுகிறது. 50 மெகாபாஸ்கல் இருந்தாலும் 150 இருந்தாலும் அந்தச் சராசரித் தகைவு அதன் கேட்கும் திறனைப் பெரிதாகத் தொடாது.

சீடன்: விடுதலைதான் மருந்து என்றால் அந்த ஒரு பக்கத்தையும் ஏன் பிடித்துவைக்க வேண்டும்?

குரு: விட்டுவிட்டால் அது காற்றோடு போகும், வளையாது. வளைவு இல்லையேல் மின்னழுத்தமும் இல்லை. ஒலி மோதும்போது புதிய தகைவு மிகுவது பிடிபட்ட அந்த அடிப்பக்கத்தில்தான். மின்முனைகளையும் அங்கேதான் வைக்கிறார்கள். சும்மா ஆடும் நுனிவரை மின்முனையை நீட்டினால், அடியில் பிறந்த மின்னூட்டம் பயனற்ற பரப்பிலும் பரவி மின்னழுத்தம் நீர்த்துப்போகும்.

சீடன்: இதற்கு விலை ஒன்றும் இல்லையா?

குரு: இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. படலத்தின் அடியிலும் மேலிலும் தகைவு ஒரே அளவில் இருப்பதில்லை. வெட்டியதும் சராசரி போய்விடும். அந்த வேறுபாடு போகாது. முக்கோணம் மேலோ கீழோ சுருளும், இடைவெளி விரியும், அதன் வழியே காற்று தகட்டுக்குப் பின்னால் உள்ள அறைக்குள் நழுவும். முதலில் அடிபடுவது தாழ்ந்த சுருதிகள். முக்கோண வடிவத்தின் அருமை இங்கேதான்: அக்கம்பக்கத்துத் தகடுகள் ஒரே மாதிரி சுருள்வதால் இடைவெளி ஓரளவு குறுகியே நிற்கிறது. இரண்டு நைட்ரைடு அடுக்குகளை மேலும் கீழும் சமமாக அடுக்கினால் சுருளல் இன்னும் குறையும்.

சீடன்: வெட்டாமலே, விளிம்பில் மடிப்புகளோ வில் போன்ற கால்களோ வைத்துத் தகடு முழுவதையும் தளர்த்துகிறார்களே. இரண்டில் எதை எடுப்பது?

குரு: அது காற்றை அடைத்துக் காக்கும், ஆனால் மடிப்பு இறக்குவது தகைவின் ஒரு பகுதியைத்தான். தாழ்ந்த ஒலிதான் உன் வேலை என்றால் அதை எடுத்துக்கொள். மனிதக் குரலுக்கு என்றால் வெட்டிய தகடே மேல், தயங்காதே. ஆனால் எதை எடுத்தாலும் வரைபடத்தில் கைவைக்கும் முன் உன் படலத்தின் தகைவை அளந்துவிடு. நடுவில் மட்டும் போதாது, ஓரத்திலும் அள.