அடைக்கலமும் உரிமையும்

சிட்டுக்குருவிக்குத் தமிழ் மக்கள் இட்டு வழங்கும் பெயர்களுள் ஒன்று அடைக்கலக்குருவி என்பதாகும். அடைக்கலம் என்னும் சொல் இருவரை நம் முன் நிறுத்துகிறது. புகலிடம் தேடி வந்தவர் ஒருவர். அதனை ஈந்தவர் மற்றொருவர். புகுந்தவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றி உலகம் நிறையப் பேசியிருக்கிறது. ஈந்தவருக்கு வந்தவர் மீது ஏதேனும் உரிமை உண்டா என்ற வினாவை எழுப்பியோர் சிலரே. இன்று பலர் தம் வீட்டுத் தோட்டங்களில் பறவைகளுக்கென மரப்பெட்டிகளை மாட்டி வைக்கின்றனர். அச்சிறு பெட்டி இப்பெரிய வினாவை நம் வாசலுக்கே கொண்டு வந்துவிட்டது.

முன்னாளில் நம் வீடுகளில் குருவிக்கென்று எவரும் பெட்டி செய்ததில்லை. செய்ய வேண்டிய தேவையும் இருந்ததில்லை. ஓட்டுக் கூரையின் இடுக்கு, உத்தரத்தின் மூலை, சுவரில் சாய்த்து மாட்டிய படத்தின் பின்புறம், கிணற்றுச் சுவரின் பொந்து ஆகிய யாவும் அதன் இல்லங்களாயின. தாழ்வாரத்தில் நெற்கதிர்க் கொத்தைக் கட்டித் தொங்கவிடும் வழக்கமும் இருந்தது. கூட்டைக் கலைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பெரியோர் கண்டித்தனர். பின்னர் நாம் இடுக்கில்லாத சிமென்டுச் சுவர்களை எழுப்பினோம். சாளரங்களைக் கண்ணாடியால் அடைத்தோம். குருவி வெளியே நின்றுவிட்டது. ஆதலால், இன்று நாம் மாட்டும் பெட்டியைக் கொடை என்று கூறுவது பொருந்துமா? பறித்ததில் ஒரு சிறு பகுதியைத் திருப்பித் தருவதற்குக் கொடை என்று பெயரில்லை. அது கடனடைப்பு. கடனை அடைப்பவன் நன்றியை எதிர்பார்ப்பதில்லை.

எனினும், பெட்டியை மாட்டியவுடன் நமக்கு ஓர் அதிகாரம் வந்து வாய்க்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஏறத்தாழ 32 மில்லி மீட்டர் விட்டத்தில் துளையிட்டால் சிட்டுக்குருவி நுழையும், மைனா நுழையாது. துளையைப் பெரிதாக்கினால் மைனா குடியேறும்; குருவி ஒதுங்கிவிடும். யார் வாழலாம், யார் வாழலாகாது என்பதை நாம் ஒரு துளையின் அளவிலேயே முடிவு செய்துவிடுகிறோம்.

இவ்வதிகாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்க நாடு ஓர் எடுத்துக்காட்டு. அந்நாட்டுக்கு உரியதல்லாத சிட்டுக்குருவியை 1850-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் புரூக்லின் பகுதிக்கு மனிதர்களே கொண்டு சென்று விட்டனர். அது பல்கிப் பெருகியது. மரப்பொந்துகளில் வாழும் அந்நாட்டு நீலப்பறவையின் இடங்களைக் கைப்பற்றியது. நீலப்பறவையைக் காக்கவென மக்கள் வைத்த பெட்டிகளிலும் புகுந்து, அதன் குஞ்சுகளைக் கொத்திக் கொல்லத் தொடங்கியது. ஆகவே, அங்கே நீலப்பறவையை நேசிப்போரில் பலர் குருவியின் கூட்டைக் கலைக்கின்றனர்; பொறி வைத்துப் பிடித்து அழிப்போரும் உளர். நாம் அடைக்கலம் தர ஏங்கும் அதே பறவை அங்கே விரட்டப்படுகிறது. குற்றம் குருவியுடையதா? கடல் கடக்க அது கேட்கவில்லை. மனிதன் தன் விருப்பத்தால் செய்த ஒரு செயலுக்கு அவன் பேரர்கள் இன்று நடுவர்களாக அமர்ந்திருக்கின்றனர். உயிர்களுக்கிடையே நடுவராக அமர்வது எத்துணைச் சுமை என்பதை உணர இஃதொன்றே போதும்.

நம் தோட்டத்திலும் அச்சுமை வேறு வடிவில் வருகிறது. பெட்டியருகே காகம் வந்து அமர்கிறது, பாம்பு மரமேறுகிறது, பூனை பதுங்குகிறது. நாம் தடுக்க வேண்டுமா, தடுக்கலாகாதா? காகத்திற்கும் கூட்டில் குஞ்சுகள் உண்டு. அதன் பசியைப் பாவம் என்றும், குருவியின் பசியைப் புண்ணியம் என்றும் பிரிப்பதற்கு நமக்கு அளவுகோல் ஏது? ஆயினும், பூனையின் கதை வேறு. அதனைச் சோறிட்டு வளர்த்தவர்கள் நாம். பெட்டியைக் கை எட்டும் தாழ்வில், பூனை தாவும் கிளைக்கருகே மாட்டியதும் நாமே. இயற்கையின் பசிக்கு நாம் பொறுப்பாளிகள் அல்லர். நம் கவனக்குறைவுக்குப் பொறுப்பாளிகள். 'வா' என்று அழைத்துவிட்டுப் பொறியில் நிறுத்துவது அடைக்கலமாகாது. அமானிதமாக வந்த பொருளைக் காப்பது போலவே, நம் அழைப்பை நம்பி வந்த உயிரையும் நம்மால் விளையும் தீங்கினின்று காக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

அருகில் இருப்பது ஆற்றல் தருகிறது, ஆற்றல் சோதனையாகிறது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1985-இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில், சிறுவராக இருந்தபோது செய்ததொன்றை ஒளிக்காமல் எழுதியுள்ளார். குதிரைக் கொட்டிலின் சுவர்ப் பொந்தில் ஒரு குருவி அடைகாத்தது. காவலிருந்த ஆண்குருவியை அவர் சுட்டு வீழ்த்தினார். பெண்குருவி வேறொரு துணையைத் தேடிக்கொண்டது, அதனையும் சுட்டார். இவ்வாறு ஒரே வாரத்தில் எட்டு ஆண்குருவிகள் மடிந்தன. பின்னாளில் இந்நாட்டுப் பறவைகளுக்காகவே வாழ்ந்த ஒரு மேதையின் இளமை அது. கையெட்டும் தொலைவில் ஒரு கூடு இருப்பதாலேயே நம்மிடம் கருணை பிறந்துவிடாது என்பதை அக்குறிப்பு உணர்த்துகிறது. இன்று நாம் துப்பாக்கி ஏந்துவதில்லை. மூடியைத் திறந்து பார்க்கிறோம், படம் பிடிக்கிறோம், அண்டை வீட்டாரை அழைத்துக் காட்டுகிறோம். அஞ்சிய தாய் கூட்டைக் கைவிட நேரலாம் என்பதை எண்ணுவதில்லை. 'நம் பெட்டி' என்ற சொல் 'நம் பறவை' என்று மாறுவதற்கு நெடுநேரம் ஆவதில்லை.

இஸ்தான்புல் நகரில் உஸ்மானியர் ஆட்சியில் எழுந்த பள்ளிவாசல்கள் சிலவற்றின் வெளிச்சுவரில் பறவைகளுக்கெனக் கல்லில் செதுக்கிய குட்டி மாளிகைகளைக் காணலாம். உஸ்குதார் பகுதியில் 1710-இல் கட்டி முடித்த புதிய வாலிதே பள்ளிவாசலிலும், அதற்கு அரை நூற்றாண்டு கழித்து எழுந்த அயாஸ்மா பள்ளிவாசலிலும் அவை இன்றும் உள்ளன. மாடமும் வாயிலும் கொண்ட அவ்வீடுகள் மனிதக் கை எட்டாத உயரத்தில் அமைந்திருக்கின்றன. கட்டியவர்களால் உள்ளே எட்டிப் பார்க்க இயலாது. எந்தப் பறவை வந்தது, எத்தனை முட்டை இட்டது என்று கணக்கெடுக்கவும் இயலாது. ஈந்தபின் கையை எடுத்துக்கொள்ளும் பண்பு அந்த உயரத்தில் விளங்குகிறது.

இதனினும் உயர்ந்த படி ஒன்று உண்டு. பறவைக்கென ஒதுக்கியதை ஈவது எளிது. நமக்கென வைத்திருப்பதை விட்டுக்கொடுப்பது அரிது. முல்லைக்கொடி படரத் தேரை ஈந்த பாரி, அத்தேரில் ஏறி வந்தவன். மிஸ்ரு நாட்டை வென்ற தளபதி அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் 641-இல் அலெக்சாந்திரியாவை நோக்கிப் புறப்படுகையில், தம் கூடாரத்தில் புறா கூடு கட்டியிருக்கக் கண்டு, அதனைப் பிரிக்காமல் விட்டுச் சென்றார் என்று மரபுவழிச் செய்தி கூறுகிறது. அவ்விடத்தில் தோன்றிய நகருக்குக் கூடாரம் எனப் பொருள்படும் ஃபுஸ்தாத் என்ற பெயர் வழங்கிற்று. நம் காலத்திலும் சான்றுண்டு. சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடி என்னும் சிற்றூரில் 2020-இல் தெருவிளக்குகளை இயக்கும் மின்பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டது. குஞ்சுகள் பறந்து செல்லும் வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக, ஊரார் விளக்கேற்றாமல் இருளில் வாழ்ந்தனர். அப்பெட்டியை அவர்கள் பறவைக்காக வைக்கவில்லை; பறவை தானே தேர்ந்தது; ஊர் அதற்கு இணங்கியது.

இவற்றைக் கொண்டு நம் தோட்டத்துப் பெட்டியை நோக்குவோம். ஒரு பலகைத் துண்டும் நான்கு ஆணிகளும் நமக்கு இழப்பல்ல. அதனைச் சுற்றி நாம் எதனை விட்டுக்கொடுக்கிறோம் என்பதே கேள்வி. குருவிக் குஞ்சு தொடக்க நாட்களில் புழு பூச்சிகளை உண்டே வளர்கிறது. செடிகளுக்கு நஞ்சு தெளித்துவிட்டுப் பெட்டி மாட்டுவது, வீட்டைத் தந்து உலையை அவித்துவிடுவதற்கு ஒப்பாகும். இலையில் சில ஓட்டைகள் விழட்டும் என்று பொறுப்பது ஒரு விட்டுக்கொடுத்தல். அடைகாத்தல் முதல் குஞ்சு பறக்கும் வரையிலான ஏறத்தாழ நான்கு வாரமும் மூடியைத் திறவாதிருப்பது மற்றொன்று. குருவி வாராது பெட்டி வெறுமையாகவே கிடந்தாலும் மனம் கசவாதிருப்பது யாவற்றினும் பெரிது.

அடைக்கலம் ஈந்தவருக்கு வந்தவர் மீது உரிமை ஏதுமில்லை. கடமை மட்டுமே உண்டு. குஞ்சுகள் சிறகு முளைத்து வெளியேறும் நாளில் அவை நம்மைத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. அவை அஞ்சாமல் வந்து, அஞ்சாமல் வளர்ந்து, அஞ்சாமல் சென்றன என்றால், நாம் பட்ட கடனில் ஒரு பகுதி தீர்ந்தது என்று அமைதி கொள்ளலாம்.