உடும்பும் கிளியும்

இந்தோனேசியாவின் கொமோடோ உடும்பு பத்தடிவரை வளரும். மானையும் வீழ்த்தித் தின்னும். நியூசிலாந்தின் காகாப்போ பறக்கவியலாத கிளி. தரையில் வாழ்ந்து தழையும் கனியும் உண்பது. கடல் உயர்ந்தால் வாழிடம் சுருங்குமென அஞ்சி, 2021-இல் உடும்பை அழிவின் விளிம்பிலுள்ள உயிரென அறிவித்தனர். கிளியோ பகை கண்டால் அசையாது நிற்கும். மனிதர் கொணர்ந்த பூனை முதலியன மோப்பத்தால் அறிந்து கொன்றன. 1995-இல் 51 கிளிகளே எஞ்சின.

எதன்மேல் இரக்கம் மிகுதி எனின், நாம் கிளியையே சுட்டுவோம், புலால் உண்ணாததன்றோ! ஆயினும் இரண்டும் ஐம்பொறியுயிர்களே. பசிக்கு உண்ணும் உடும்பு நம் அருளுக்குப் புறம்பாகுமோ?

கிளிகள் இன்று 200-ஐக் கடந்தது மகிழ்ச்சியே. ஆனால் அவற்றுக்காகத் தீவுகளில் பூனைகளும் எலிகளும் கொன்றொழிக்கப்பட்டன. அதனைப் படித்த நாள், சாமாயிகத்தில் அமர்ந்தும் எம் மனம் ஒன்றவில்லை.