தரகும் தர்மமும்

ஓசூரை அடுத்த ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். 2017ல் ஜி.எஸ்.டி. வரும்வரை அங்கே வணிகவரிச் சோதனைச் சாவடியின் முன் லாரிகள் வரிசையாக நிற்கும். "என்ன சரக்கு? எங்கே போகிறது?" என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லாமல் ஒரு மூட்டைகூட எல்லையைக் கடக்க முடியாது. அந்த வரிச் சோதனை போய்விட்டது, கேள்விகள் போகவில்லை. சென்ற மாதம் ஒரு நாவலைப் பார்த்து யாரோ அவற்றைக் கேட்டிருந்தார்கள்.

நாவலை எழுதியவர் ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்க்கும் இளைஞர். வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் தமிழ், பக்கத்து இயந்திரக்காரரிடம் கன்னடம் என்று வாழும் ஊர் அது. கதையிலும் மனிதர்கள் அப்படியே பேசுகிறார்கள். சிநேகிதர் ஒருவர் சில அத்தியாயங்களை ஆங்கிலமாக்கி ஓர் இலக்கிய முகவருக்கு அனுப்பிவைத்தார். பதில் வந்தது: எழுத்து பிரமாதம், ஆனால் இயந்திரத்தில் விரல் போகும் கட்டத்தை முதல் அத்தியாயத்துக்குக் கொண்டுவர வேண்டும், மூன்று பாஷைப் பேச்சை எடுத்துவிட வேண்டும்.

கடிதத்தை என்னிடம் நீட்டி, "செய்யலாமா சார்? செய்தால் பாவமா?" என்று கேட்டார்.

தரகு என்றாலே முகம் சுளிப்பது நமக்குப் பழக்கம். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் பேசுகிறவரை நாம் நம்புவதில்லை. அந்த இளைஞரின் கூலியும் ஓர் ஒப்பந்தக்காரர் கையைத் தாண்டித்தான் வருகிறது. ஆயினும் நியாயம் பேச வேண்டும். லண்டனில் 1870களில் ஏ. பி. வாட் இந்தத் தொழிலைத் தொடங்கி நூற்றுக்குப் பத்து என்று கமிஷன் வாங்கினார். இன்று பெரும்பாலும் பதினைந்து. எழுத்தாளனுக்கு வந்தால்தான் முகவருக்கும் வரும். ஆகவே விற்பனைக் கண்ணோடு அவர் நாவலைப் பார்ப்பது குற்றமல்ல. அதுதான் அவர் வேலை.

விற்பதும் பாவமல்ல. தம் நூல்களைப் பத்தாயிரம் பத்தாயிரமாக அச்சிட்டு, மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீடுதோறும் விற்க வேண்டும் என்று 1920ல் திட்டம் போட்டுப் பணம் கேட்டுக் கடிதம் எழுதினார் பாரதியார். தமக்குத் தாமே முகவராக நின்றார். அந்தத் திட்டம் பலிக்கவில்லை. 1948ல் திருவனந்தபுரத்தில் காசநோயால் வறுமையில் மாண்டார் புதுமைப்பித்தன். எழுதுகிறவன் விலை கேட்கக் கூடாது என்று இதற்குப் பிறகும் உபதேசம் செய்கிறவர்களுக்கு மனம் கல்லாகத்தான் இருக்க வேண்டும்.

பாவம் எங்கே தொடங்குகிறது? சரக்கைப் பற்றிப் பொய் சொல்லும்போது. மூன்று பாஷை பேசுகிற ஊரை ஒரு பாஷை பேச வைத்தால் அது பொய்ச் சீட்டு. அது தேவையுமில்லை. எல்லைக்கு அப்பால் ஹாசனைச் சேர்ந்த பானு முஷ்தாக் கன்னடத்தில் எழுதிய கதைகள் 'ஹார்ட் லேம்ப்' என்ற பெயரில் 2025ல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றன. மொழிபெயர்த்த தீபா பஸ்தி, கன்னடச் சொற்களுக்கு அடிக்குறிப்பு போடாமல், சாய்வெழுத்தில் ஒதுக்காமல் அப்படியே விட்டிருந்தார். ஐம்பதாயிரம் பவுன் பரிசை இருவரும் சமமாகப் பகிர்ந்துகொண்டார்கள். டெல்லியிலுள்ள ரைட்டர்ஸ் சைட் என்ற முகமை அந்த நூலுக்காகப் பேசியது. ஊர் வாடையைக் கழுவாமலும் ஒரு முகவர் புத்தகத்தை எல்லை கடத்தலாம் என்பதற்கு இது போதும்.

விரல் விஷயம் இவ்வளவு சுலபமல்ல. அத்தியாயத்தை முன்னே பின்னே மாற்றுவது கலை, எல்லோரும் செய்கிறோம். ஆனால் அந்த விரல் ஒரு மனிதருடையது. முகவர் எழுத்தாளனுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்து இருக்கிறது. எழுத்தாளன் யாருக்குக் கணக்குச் சொல்கிறான்? நானும் இருபது வருஷமாக மற்றவர்களுடைய துக்கத்துக்குத் தரகு பார்த்தவன்தான். கதையில் வந்த ஒருவரிடமாவது சம்மதம் கேட்டேனா? கேட்டதில்லை. முகவரைத் திட்ட வாயெடுத்தவனுக்கு இந்த நினைவு வந்ததும் நா எழவில்லை.

"தம்பி, விரல் யாருடையதோ அவரைக் கேளுங்கள்" என்றேன். எனக்கே புதிதான யோசனை அது.

அடுத்த வாரம் வந்தார். விரல் இழந்தவர் அவருடைய அறைத்தோழர். கடிதத்தைப் படித்துச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் சொன்னாராம்:

"எழுதிக்கப்பா, எனக்கென்ன. ஆனா மொத அத்தியாயத்துல மட்டும் வேணாம். கொஞ்ச நாளாவது என்னப் பத்து விரலோட நடமாட விடு."

நாவல் அப்படியேதான் இருக்கிறது. முகவருக்கு எழுதியாகிவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.