எலியின் கணையமும் மனிதனின் தர்மமும்

கணையம் சுரக்கும் நொதிகள் சிறுகுடலைச் சென்றடையும் வரையில் செயலற்றே இருக்கவேண்டும் என்பது உடலின் நியதி; அந்நியதி பிறழ்ந்து, அவை பிறந்த இடத்திலேயே விழிப்படைந்துவிட்டால், அன்னத்தைச் சீரணிக்க ஏற்பட்ட சக்தியே தன் இருப்பிடத்தை அழிக்கத் தலைப்படுகிறது என்று 1896-ல் ஹான்ஸ் கியாரி என்ற அறிஞர் எடுத்துரைத்தார். தீவிர கணைய அழற்சி என்னும் கொடிய வியாதியின் ஸ்வரூபம் இதுவே.

வயிற்று வேதனையோடு நோயாளி மருத்துவமனைக்கு வந்துசேரும்போது நோயின் ஆரம்ப கணம் கடந்துபோயிருக்கும். ஆதலால் அக்கணத்தைக் காண விரும்பிய விஞ்ஞானம் பிராணிகளை நாடியது. 1856-ல் கிளாட் பெர்னார் என்ற உடலியலாளர் நாயின் கணையக் குழாயினுள் பித்தநீரையும் ஆலிவ் எண்ணெயையும் செலுத்தி நோயை உண்டாக்கிப் பார்த்தார். ஆஸ்திரேலியத் தவளையொன்றின் தோலில் முதன்முதல் கண்டெடுக்கப்பட்ட செருலின் என்ற பொருளை, எடையில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் வீதம், மணிக்கொருமுறை சுண்டெலிக்கு ஊசிமூலம் ஏற்றுவது இன்றைய வழக்கம். சில மணி நேரத்திற்குள் கணையம் நீர்கோத்து வீங்குகிறது. இரத்தத்தில் அமைலேஸ் என்ற கணைய நொதி பெருகுகிறது. உயிரணுவினுள்ளே கதெப்சின்-பி என்னும் நொதி, உறங்கிக்கிடந்த டிரிப்சினோஜனை விழிப்புற்ற செரிமான நொதியான டிரிப்சினாக மாற்றிவிடுகிறது.

மனிதரிடையே இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமாகும் பித்தக்கல்லும் மதுவும் அச்சிற்றுயிரை அணுகியதேயில்லை. அதன் சம்மதத்தை எவரும் கேட்டதுமில்லை, கேட்கவும் இயலாது. அப்படியிருக்க, நம் நோயை அதன் மேனியில் விளைவிப்பது எந்த நியாயத்தின்பாற்படும்? பலர் பிழைப்பார்கள் என்ற பலனைக் காட்டி மட்டும் இதற்கு விடை கூறிவிட முடியாது. ஏனெனில், எலியில் வெற்றி கண்ட மருந்துகள் மனிதரிடம் தோற்றதுண்டு. நோயின் மூலத்தையே தடுக்கும் தனி மருந்து இன்னும் கைவரவில்லை. பலன் நிச்சயமற்றது, ஹிம்சையோ நிச்சயமானது.

எனினும், துடிக்கும் நோயாளியைக் கண்ட மருத்துவன் ஆராய்ச்சியைக் கைவிடுவதும் கருணையாகாது. இன்றியமையாமை ஹிம்சையை அனுமதிக்கலாம், அதைப் புண்ணியமாக்கிவிடாது. வேறு வழியுண்டாயின் பிராணியை விடுக, எண்ணிக்கையைக் குறைக்க, வேதனையைத் தணிக்க என்று 1959-ல் ரஸ்ஸல், பர்ச் என்ற விஞ்ஞானிகள் வகுத்த மூன்று நெறிகளும் சலுகைகளல்ல, கடன்கள். அக்கடனைத் தீர்க்க மனமில்லாதவனுக்கு ஊசியைக் கையிலெடுக்கும் அதிகாரமில்லை.