கைக்கு வந்த கனி

குன்னூரில் நண்பர் ஒருவருடைய வீட்டுத் தோட்டத்தில், அவருடைய தகப்பனார் வைத்த பெர்சிமன் மரத்தில் பழம் பறித்தார்கள். ஏணியின் மேல்படியில் நின்ற வயதான தோட்டக்காரர், உச்சியில் எஞ்சியிருந்த ஒற்றைப் பழத்தை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்து, திருகாமல் மெல்ல விட்டுவிட்டு, "அது இருக்கட்டுங்க ஐயா" என்று இறங்கிவிட்டார். நண்பர் அதைப் பொருட்படுத்தவில்லை. எனக்கோ அந்தக் கை மனத்தை விட்டு அகலவே இல்லை. எட்டாத பழத்தை விடுவது சகஜம்; கைக்குள் வந்து, அதன் கனத்தையும் உணர்ந்த பிறகு விடுவது வேறு காரியமல்லவா?

ஜப்பானில் இது நெடுநாளைய வழக்கமென்று எப்போதோ படித்திருக்கிறேன். இலையுதிர் காலத்தில் முற்றத்துப் பெர்சிமன் மரத்தில் ஒரு பழத்தை மட்டும் விட்டுவைத்து, அதைக் கிமாமோரி என்பார்களாம். மறு வருஷமும் மரம் செழித்துக் காய்க்க வேண்டுமென்ற பிரார்த்தனை என்பர் சிலர். பனிக்காலத்துப் பறவைகளுக்கு ஆகாரம் என்பர் வேறு சிலர். கொரியாவிலோ அது மாக்பைப் பறவையின் சோறு. பறவைக்கு விடுவது தானம். மறு வருஷத்தை எண்ணி விடுவது மரத்துக்குக் கட்டும் வரி என்றே எனக்கு முதலில் தோன்றிற்று.

ஆனால் என் பாட்டி இவ்விரண்டையும் பிரித்துப் பேசியவளல்லள். கொல்லை மாமரத்தின் நுனிக்கொம்பில் நாங்கள் கல்லெறியப் போனால், "அணில் பங்குடா, தொடாதே, அதன் வயிறு குளிர்ந்தால்தான் மரம் காய்க்கும்" என்று ஒரே மூச்சில் தானத்தையும் பலனையும் சேர்த்தே சொல்லுவாள்.

பெர்சிமன் நம் கருங்காலிக்கும் பனிச்சைக்கும் நெருங்கிய உறவு. பனிச்சையைப் போலவே துவர்ப்பு அதன் ஸ்வபாவம். ஹச்சியா ஜாதிப் பழத்தைக் குழையக் கனியுமுன் கடித்தால் நாக்கு உலர்ந்து மரத்துப்போகும். ஆகவே கெட்டியாயிருக்கும்போதே பறித்து வீட்டினுள் பழுக்க வைக்கிறார்கள், அல்லது தோல் சீவிக் கயிற்றில் கட்டி உலர்த்துகிறார்கள். விட்டுவைத்த பழம் ஒன்றுதான் தன் காம்பிலேயே பூரணமாய்க் கனியும் பாக்கியத்தைப் பெறுகிறது. தோட்டக்காரரின் கை நினைத்தது பறவையையா, மரத்தையா, அல்லது அந்தப் பழத்தையேதானா?

அவரைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. கேட்டால் இல்லாத காரணமொன்றைச் சொல்லும் நிர்ப்பந்தம் அவருக்கு உண்டாகும். பலனை எண்ணிக் கொடுத்தாலும் அது தர்மந்தானா என்பதை இன்றளவும் என்னால் நிச்சயிக்க முடியவில்லை. வீட்டில் பழமரம் வைத்திருக்கும் வாசகர்கள் தங்கள் அபிப்பிராயத்தை எழுதினால் நன்றியுடன் படிப்பேன்.